குழந்தையின் கைக்கு மதிப்பளித்த மாண்டிசோரி அம்மையார்

குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் நம் அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். பெரியவர்களுக்கு வேலை உண்டு, குழந்தைக்கு விளையாட்டுத்தான் உண்டு என்பது உலகில் நெடுங்காலமாக நிலவிவந்த எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது என்றும், தரையில் தவழ்ந்து கைக்கு அகப்பட்டதையெல்லாம் தொட்டும் தட்டியும் உருட்டியும் பார்க்கும் அச்சிறு உயிர், தன்னிலிருந்து ஒரு மனிதனை உருவாக்கும் பெருவேலையில் ஈடுபட்டிருக்கிறது என்றும் எடுத்துக்காட்டியவர் இத்தாலி நாட்டில் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவருடைய வரலாற்றை நம் சங்க மலரில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. முதுமையில் தாய்நாட்டையும் வீட்டையும் இழந்த அம்மையாருக்கு அடைக்கலம் தந்தது சென்னை அடையாறு. அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் அதே சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர்கள். அன்றியும் அவர், அயல் மொழி வழங்கும் நாட்டில் தம் தாய்மொழியிலேயே பேசி வாழ்ந்தவர். தெலுங்கு நாட்டில் தமிழ்க் குழந்தைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு அவர் வாழ்விலும் கண்டுபிடிப்பிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை பல உள்ளன.

இளமையும் மருத்துவக் கல்வியும்

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியின் அங்கோனா நகருக்கு அருகில் உள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க அலுவலர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்டே படிப்பில் மிகுந்த ஆர்வமுடையவர். மகளின் விருப்பங்களுக்குத் துணையாக நின்றவர். குழந்தைக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறிற்று.

பெண்கள் படித்தால் ஆசிரியைகளாகலாம் என்பதே அக்காலத்தார் வகுத்த எல்லை. மரியாவோ முதலில் பொறியியல் கற்க விரும்பி ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மாறி மருத்துவம் கற்கத் துணிந்தார். ஆடவர் நிறைந்த கல்லூரியில், பிணத்தை அறுத்துப் பயிலும் பாடத்தை அவர் மற்ற மாணவர்களோடு சேர்ந்து கற்க இயலவில்லை. எல்லோரும் சென்ற பின்னர், மாலை வேளையில் தனியே இருந்து கற்க வேண்டியதாயிற்று. ஏளனங்களையும் தடைகளையும் பொறுத்து, 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லின் நகரில் கூடிய மாதர் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான கூலி வேண்டும் என்று வாதாடினார்.

வெறும் அறையில் கண்ட உண்மை

பட்டம் பெற்றபின் அவர் மனநோய் மருத்துவத் துறையில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அந்நாளில் பைத்தியக்கார விடுதிகளிலேயே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். அத்தகைய விடுதி ஒன்றில், சாப்பாடு முடிந்த பின்னும் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவதை அவர் கவனித்தார். அவர்கள் பசியினால் பொறுக்குகிறார்கள் என்றே காவற்பெண் கருதினாள். அம்மையாரோ அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடுவதற்கோ பிடிப்பதற்கோ ஒரு பொருளும் அங்கே இல்லை. வயிற்றுப் பசியன்று, கைகளின் பசியே அவர்களை வாட்டுகிறது என்பது அவருக்கு விளங்கிற்று.

இக்குழந்தைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். தமக்கு முன் இத்துறையில் உழைத்த இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து பயின்றார். கண், செவி, தோல், கை ஆகியவற்றின் வாயிலாக அறிவைத் தட்டி எழுப்பும் கருவிகளை உண்டாக்கினார். 1900இல் ரோமில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஒன்றில் இம்முறையைக் கையாண்டபோது, கற்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பொதுப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேர்விலும் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாருக்கு எழுந்ததோ வேறோர் ஐயம். குறைபாடுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் வர முடியுமானால், நல்ல நிலையில் பிறந்த குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு பின்தங்க வைத்துவிட்டன என்பதே அது.

குழந்தைகள் இல்லம்

இந்த ஐயத்துக்கு விடை காணும் வாய்ப்பு 1907இல் வந்தது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் மாடிப்படிகளில் அலைந்து சுவர்களைப் பாழாக்கினர். கட்டட உரிமையாளர்கள் தங்கள் சுவர்களைக் காப்பாற்றும் பொருட்டு ஓர் அறையை ஒதுக்கி, அதில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரை வேண்டினர். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் ஏற்கத்தக்க பணியா இது என்று நண்பர்கள் கேலி செய்தனர். அம்மையார் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள், 3 முதல் 6 வயது வரையுள்ள ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஆசிரியைப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணே துணைக்கு இருந்தாள்.

அம்மையார் அங்கே முதலில் போதிக்க முற்படவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அளவுவாரியாக அமைந்த மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், உறங்கி விழித்தவள்போல் மலர்ந்த முகத்துடன் தானே நிறுத்தினாள். குழந்தையின் மனம் ஒரு நிலையில் நில்லாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், தனக்கு வேண்டிய வேலை கிடைத்தால் அது எவ்வளவு ஆழ்ந்து ஒன்றிவிடுகிறது என்பது வெளிப்பட்டது.

மற்றொரு நிகழ்ச்சியையும் அம்மையார் தம் நூலில் பதிந்துள்ளார். நீர்த்தொட்டியில் மிதக்கும் பொம்மைகளைச் சுற்றிக் குழந்தைகள் கூடி நின்றனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உயரம் எட்டவில்லை. கூட்டத்தில் புகப் பார்த்தான், முடியவில்லை. பின் சுற்றிலும் நோக்கி, ஒரு சிறு நாற்காலியைக் கண்டான். அதைக் கொண்டுவந்து ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் அவன் முகம் ஒளி பெற்றது. அந்த வேளையில் ஆசிரியை ஒருத்தி அன்பு மேலிட்டு அவனை வாரித் தூக்கிப் பொம்மைகளைக் காட்டினாள். பொம்மைகளை அவன் கண்டான். முகத்தின் ஒளியோ அணைந்துவிட்டது. தானே வழி கண்டு வெல்லும் இன்பத்தை அவள் அன்பு பறித்துவிட்டது. நம் வீடுகளில், சோறு சிந்தும் என்று ஊட்டிவிடும்போதும், நேரமாகிறது என்று சட்டைப் பொத்தானை நாமே மாட்டிவிடும்போதும், இவ்வாறு எத்தனை ஒளிகளை அணைக்கிறோம் என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புலன், கை, விளையாட்டு

இவ்வாறு கண்டவற்றைக் கொண்டு அம்மையார் குழந்தைப் பருவத்தின் படிகளை வகுத்தார். பிறப்பு முதல் 6 வயது வரை முதற்பருவம். அதனுள் 3 வயது வரை ஒரு பகுதி, 3 முதல் 6 வரை மறுபகுதி. முற்பகுதியில் குழந்தை, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலத் தன்னைச் சூழ்ந்த ஒலி, ஒளி, மொழி, பழக்கம் அனைத்தையும் தான் அறியாமலே உள்வாங்கிக்கொள்கிறது. பிற்பகுதியில், உள்வாங்கியவற்றைத் தன் கைகளால் ஒழுங்குபடுத்தித் தெளிவு பெறுகிறது. ஒவ்வொரு திறமைக்கும் உரிய பருவம் ஒன்று உண்டு. மொழி, நடை, ஒழுங்கு, சிறு பொருள்களில் ஆர்வம் ஆகியவை அந்தந்தக் காலத்தில் தாமாகவே கிளர்ந்தெழும். அக்காலம் தவறினால் பின்னர் அதே திறமையைப் பெரு முயற்சியுடன் ஈட்ட வேண்டியிருக்கும் என்பது அவர் முடிவு.

அவர் அமைத்த கருவிகள் எளியவை. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை அளவுள்ள பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளைக் குழந்தை கோபுரமாக அடுக்கும். அடுக்கில் பிழை இருந்தால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் குறை சொல்ல வேண்டுவதில்லை. ஒலி வேறுபாட்டைச் செவியால் அறியப் பெட்டிகள், நிற வேறுபாட்டைக் கண்ணால் அறியப் பலகைகள், பொத்தானும் நாடாவும் மாட்டிப் பழகச் சட்டங்கள் என அவை விரிந்தன. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். கண் பார்க்க, செவி கேட்க, விரல் வடிவத்தை மனத்தில் பதிக்க, நான்கு வயதிலேயே பல குழந்தைகள் எழுதத் தொடங்கினர். நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை இங்கே நினைவுக்கு வருகிறது. விரல் வழியே எழுத்து மனத்தில் ஏறும் என்பதை நம்மவரும் அறிந்தே இருந்தனர்.

1909இல் வெளிவந்த அம்மையாரின் நூல் விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா அவரைச் சிறப்புடன் வரவேற்றது. நம் நாட்டிலும் கிஜுபாய் பதேகா அவர்கள் 1920இல் பாவநகரில் பாலமந்திரம் ஒன்றை அமைத்து, இம்முறையை இந்திய மண்ணுக்கேற்ப நடத்தினார்.

தாயின் துயரம்

புகழின் பின்னே ஆறாத துயரம் ஒன்று இருந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவருடன் கொண்ட அன்பின் பயனாக 1898இல் அம்மையாருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. அக்காலச் சமூகம் இதனை அறிந்தால் அவருடைய தொழிலும் எதிர்காலமும் அழிந்துபோயிருக்கும். எனவே மாரியோ என்னும் அக்குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர விட்டனர். தாய் அவ்வப்போது சென்று பார்த்து வருவார். தாம் யார் என்று சொல்ல முடியாது. உலகத்தின் குழந்தைகளுக்காக நாள் முழுவதும் உழைத்தவருக்குத் தம் குழந்தையின் முதல் அடியையும் முதற்சொல்லையும் அருகிருந்து காணும் பேறு கிட்டவில்லை. 1913இல், மகன் பதினைந்து வயதை எட்டிய காலத்தில், அவனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் பிரியாது வாழ்ந்தனர் எனினும், உலகின் முன் அவன் உறவுப்பிள்ளை என்றே அறிமுகப்படுத்தப்பட்டான்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றார். ஆனால் குழந்தைகளைப் படைவீரர்களாக்க விரும்பிய ஆட்சியும், சுதந்தரமாகச் சிந்திக்கும் மனிதர்களாக்க விரும்பிய அம்மையாரும் நெடுநாள் ஒத்துப்போக முடியுமா? 1934இல் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவர் பார்சலோனாவில் வாழ்ந்தார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் வெளியேறி ஹாலந்து நாட்டில் தங்கினார். 1931இல் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்திருந்த அம்மையாரை, இந்தியா விரைவிலேயே அழைத்தது.

அடையாறும் கோடைக்கானலும்

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் மாரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அன்னி பெசன்ட் அம்மையார் நம் பகுதியில் மதனப்பள்ளியில் கல்லூரி நிறுவிய அதே சபையின் தலைமையிடமே அடையாறு. அங்கு ஓலைக் கொட்டகைகள் அமைத்து முதற்பயிற்சி வகுப்பு நடைபெற்றது. நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து கற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஒவ்வொரு பகுதியாக ஆங்கிலத்தில் எடுத்துரைப்பார்.

சில மாதங்கள் தங்கிச் செல்லும் எண்ணத்துடன் வந்தவரைப் போர் சிறைப்படுத்திற்று. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் ஆட்சியாளர் மாரியோவைப் பகை நாட்டார் என்று அகமதுநகர் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று கட்டளை பிறந்தது. பேரக்குழந்தைகள் நால்வரும் தொலைவில் ஹாலந்து நாட்டில் இருந்தனர். ஒருமுறை மகனை இழந்து பெற்ற தாய், எழுபதாம் வயதில் மீண்டும் இழந்தார். ஆனால் அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, 1940 ஆகஸ்டு இறுதியில், வைசிராய் மாரியோவை விடுதலை செய்தார். தந்தியில் அவரை அம்மையாரின் மகன் என்றே குறிப்பிட்டார். இத்தாலியில் நாற்பதாண்டுகளாக வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த உறவு, சென்னை மாநகரில் அவ்வாறு உலகறிய வெளிப்பட்டது.

போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை அம்மையார் கோடைக்கானலில் தங்கினார். அங்கே பல நாட்டுக் குழந்தைகள் அவரிடம் பயின்றனர். செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் வளர்த்துப் பார்த்து, 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குரிய கல்வியை அவரும் மாரியோவும் அங்கு உருவாக்கினர். 1944இல் இலங்கையிலும், பின்னர் அகமதாபாத் முதலிய இடங்களிலும் வகுப்புகள் நடைபெற்றன. 1946இல் ஐரோப்பா திரும்பியவர், மறு ஆண்டே மீண்டும் அடையாறு வந்து 1949 வரை பணி செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்நாட்டில் அவரிடம் பயிற்சி பெற்றனர். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரையுள்ள மனத்தின் வளர்ச்சியை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றிலிருந்தே முதன்முதலாக வெளியாயிற்று. அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளே அந்நூலுக்கு அடிப்படை. தாயின் இடுப்பிலும் தோளிலும் இருந்து கடைவீதி, கோயில், வயல் எல்லாம் காணும் குழந்தை, தொட்டிலில் தனித்து விடப்பட்ட குழந்தையைவிட வளமான உலகத்தை உள்வாங்குகிறது என்னும் கருத்து அதில் இடம்பெற்றது.

நம் முன்னோர் கண்ட பருவங்கள்

இங்கே நம் தமிழைச் சிறிது எண்ணுதல் தகும். வேங்கடவனைப் பாடிய பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு, தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று வளர்ச்சியின் படிகளை வரிசையாகப் பாடினார். பின் வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் அதனைப் பத்துப் பருவங்களாக வகுத்தன. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை. ஐந்தாம் மாதத்துக்குரியதாகச் சொல்வர். சப்பாணி என்பது அமர்ந்து இரு கைகளையும் கொட்டுதல், ஒன்பதாம் மாதம். தளர்நடையும், தாயை நோக்கி வருதலும் ஓராண்டை ஒட்டியவை. அதன்பின் வானத்து நிலவைச் சுட்டி விளையாட அழைக்கும் அம்புலி. பின்பு ஆண்பிள்ளைக்குச் சிறுபறை முழக்குதலும் சிறுதேர் உருட்டுதலும்; பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். உடலின் ஆட்டத்தில் தொடங்கி, கையின் திறத்தில் வளர்ந்து, பிறரோடு கூடி ஆடும் விளையாட்டில் முடியும் இவ்வரிசையை நம் புலவர்கள் பன்னூறாண்டுகளுக்கு முன்பே கூர்ந்து நோக்கியிருந்தனர். அவர்கள் பக்தியால் கண்டதை அம்மையார் மருத்துவக் கண்ணால் கண்டார்.

பிற்கால ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, நலமுள்ள குழந்தை துணையின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள். கையூன்றி முழந்தாளிட்டுத் தவழ்வது 5 முதல் 13½ மாதங்களுக்குள். தனியே நடப்பது 8 முதல் 17½ மாதங்களுக்குள். நூற்றில் நான்கு குழந்தைகள் அவ்வாறு தவழாமலே நடந்துவிட்டன. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதம் நடந்துவிட்டதே, நம் பிள்ளை பதினான்காம் மாதத்திலும் நடக்கவில்லையே என்று தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை. இந்த எல்லைகளைக் கடந்தும் வளர்ச்சி காணாவிட்டால் தயங்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விளையாட்டைப் பற்றி அம்மையார் கொண்ட கருத்து ஒன்றைப் பின்வந்தோர் முற்றிலும் ஏற்கவில்லை. அவருடைய இல்லத்துக் குழந்தைகள் பொம்மைகளை ஒதுக்கிவிட்டுக் கருவிகளையே நாடினர். அதனால் பாவனை விளையாட்டுக்கு அவர் மிகுந்த இடம் தரவில்லை. கட்டையை யானை என்றும், தலையணையைக் குழந்தை என்றும் கொள்ளும் விளையாட்டில் சொல்வளமும் பிறர் மனத்தை அறியும் திறனும் வளர்கின்றன என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல், குழந்தைகள் முதலில் தனித்தும், பின்னர் ஒருவர் அருகில் ஒருவராகத் தத்தம் விளையாட்டை ஆடியும், இறுதியில் ஒன்றுகூடியும் விளையாடும் படிகளை விளக்கினார். இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரை அருகருகே உட்கார வைத்துவிட்டு, பொம்மையைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை என்று கடிந்துகொள்வது பயனற்றது. கூடி ஆடும் பருவம் பின்னர் வரும்.

நம் இல்லங்களில்

அம்மையாரின் முறை செல்வர் வீட்டுப் பள்ளிகளுக்கே உரியது என்று இன்று பலர் எண்ணுகின்றனர். அது பிறந்ததோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். விலையுயர்ந்த கருவிகள் இல்லாவிட்டாலும் அதன் உயிர்ப்பொருளை நாம் கொள்ளலாம். திருப்பதிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாங்கிச் சென்றவை மரப்பாச்சியும் சொப்புச் சாமான்களும் அல்லவா? அவை நம் ஊர்ப் பொருள்கள். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சியின் கனமும் வழவழப்பும் குழந்தையின் கைக்குப் பாடம். சொப்பில் சமைத்துப் பரிமாறும் பாவனை அதன் மனத்துக்குப் பாடம். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நடக்கும் குழந்தை நம் புலவர் பாடிய தளர்நடையையே பயில்கிறது. அரிசியையும் பருப்பையும் பிரித்தெடுத்தல், சிறு செம்பில் நீர் மொண்டு ஊற்றுதல், துணியை மடித்தல், செருப்பை வரிசையாக வைத்தல் போன்ற வீட்டு வேலைகளில் குழந்தைக்குப் பங்கு தருவோமானால், அதுவே அம்மையார் கண்ட கல்வி. சிறு மணிகளை வாயில் போட்டுக்கொள்ளும் பருவத்தில் மட்டும் அருகில் இருந்து காத்தல் வேண்டும்.

இக்காலத்தில் அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். அதன் கண்ணாடியில் யானையும் பந்தும் நிலவும் ஒன்றுபோலவே வழுக்குகின்றன. விரலுக்குக் கனமும் இல்லை, வடிவும் இல்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரைக்காட்சி வேண்டா என்றும், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது. வெறும் அறையில் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிய கைகளின் பசி, பொருள்கள் நிறைந்த வீட்டிலும் உண்டாகலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம் குழந்தைகள் தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு பேசுகின்றனர். அது நன்மையே, வாழும் மண்ணின் மொழி அவர்களுக்கு உரியது. முதல் ஆறு ஆண்டுகளில் குழந்தை இரு மொழிகளையும் களைப்பின்றி உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் காதில் விழாத மொழியை எந்தக் குழந்தையும் உள்வாங்க முடியாது. பத்து வயதில் தமிழ் வகுப்புக்கு அனுப்பி வருந்துவதைவிட, தொட்டிலருகே தாலாட்டும், முற்றத்தில் நிலாச்சோறும், தாத்தா பாட்டி சொல்லும் கதையும் தமிழில் அமைவது எளிது, பயனும் பெரிது. சங்கம் ஆண்டுக்கொரு முறை செய்யக்கூடிய தமிழ்ப்பணியை இல்லந்தோறும் தாய்மார்களும் தந்தையரும் நாள்தோறும் செய்ய முடியும்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹாலந்து நாட்டில் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் மாண்டிசோரி அம்மையார் தமது 81ஆம் வயதில் காலமானார். அங்கேயே அவரை அடக்கம் செய்தனர். எந்த நாட்டில் இறக்கிறாரோ அந்நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவரை வெளியேறச் செய்த இத்தாலி, பின்னர் 1990இல் தன் ஆயிரம் லீரா நாணயத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை தேடிக்கொண்டது. மாரியோ 1982இல் மறையும் வரை தாயின் பணியைத் தொடர்ந்தார்.

நம் வீட்டுச் சிறு குழந்தை அடுத்த முறை நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும்போது, தூக்கிவிடக் கை நீட்டாமல், விழாமல் காக்கும் அளவுக்கு மட்டும் அருகில் நிற்போம். அது தானே ஏறிப் பார்க்கட்டும்.